தொப்பிப் பெரட்டு

தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டி வருகிற ஈயத்தாளைச் சுருட்டித் தொப்பியாக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டால், பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூட எங்கோ பள்ளத்தில் இருந்து கத்துவதுபோல இருக்கும், நம்முடைய மூச்சு மட்டும் காதுக்குள் பெரிதாகக் கேட்கும். மூடுபனி இறங்குகிற நேரமானால் அந்தத் தாள் சில்லென்று நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். அதில் பழைய தூளின் வாசமும், விளிம்பை ஒட்டுவதற்குத் தடவிய மாப்பசையின் புளித்த வாசமும் கலந்து வரும். எத்தனையோ வருஷம் ஓடிப்போன பிறகும் அந்த வாசத்தை நினைத்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அது சிரிப்பதற்கென்றே வைத்திருந்த ஒரு நாளின் வாசம் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே, ரயிலில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மலை மடிப்பில் இருந்தது. மாசி வந்தால் எல்லாத் தோட்டங்களையும் போல அங்கும் காமன் கூத்து நடக்கும். சிவன் மன்மதனை எரிப்பார், ரதி தலைவிரி கோலமாக அழுவாள், எரிந்த காமனை மூன்றாம் நாள் எழுப்புவார்கள். எங்கள் தோட்டத்தில் மட்டும் அந்த எழுப்புதலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிடுவார்கள், ஏனென்றால் சாமியாகவே இருந்தாலும் துரை லீவு கொடுத்தால்தானே உயிர் வர முடியும்? அந்த ஞாயிறு காலையில், காமன் இன்னும் எழும்பாத நேரம், உலகத்தில் மன்மதன் இல்லாமல் எல்லாருக்கும் புத்தி கழன்று கிடக்கிற நேரம் என்று சொல்லி எங்கள் ஆட்கள் நடத்தியதுதான் "தொப்பிப் பெரட்டு". பூண்டுலோயாவில் வாழ்க்கைப்பட்ட பிறகு அங்கேயும், கொத்மலைப் பக்கத்திலும் எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன், அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை.

பெரட்டு என்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விடியும் முன்பே தப்பு அடித்து எழுப்பி, களத்தில் வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, உனக்கு இன்ன மலையில் கொழுந்து, உனக்கு இன்ன மலையில் புல்வெட்டு என்று வேலை பிரித்து அனுப்புவது. வருஷம் பூராவும் நடுங்கிக்கொண்டு நிற்கிற அதே களத்தில் அன்று ஒருநாள் எங்களுக்கு நாங்களே பெரட்டு வைத்துக்கொள்வோம். துரையாக வருவது முத்து மாமா. ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் அடுப்புக்கு விறகு தள்ளுகிற மனிதர், சொந்த மாமா இல்லை, லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில் அடுத்த அறை, அடுத்த காம்பராக்காரர். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டிச் சுண்ணாம்பு பூசித் துரைத் தொப்பி என்று வைத்துக்கொண்டு, வாயில் ஒரு மூங்கில் துண்டைப் பைப் மாதிரிச் செருகிக்கொண்டு வந்து நின்றாரானால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பொம்பளைகள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்றைக்குத் தலையில் தொப்பி இல்லாமல் யாரும் களத்தில் கால் வைக்கக் கூடாது. ஓட்டைக் கொழுந்துக்கூடை, சிமெந்துப் பை, டர்பன் என்கிற தைல மரத்து இலை, முட்டைக்கோசின் வெளிமடல், கைப்பிடி உடைந்த சட்டி என்று எது கிடைத்தாலும் தலையில் ஏறிவிடும். சட்டையின் மடிப்புக் கலையாத எங்கள் யாழ்ப்பாணத்து வாத்தியார்கூட, "உந்தக் கூத்தெல்லாம் எனக்குச் சரிவராது கண்டியளோ" என்று சொல்லிக்கொண்டே ஒரு பேப்பர்த் தொப்பியோடு வந்து ஓரமாக நிற்பார். வெறுந்தலையோடு எவனாவது அகப்பட்டால் முத்து மாமா துரையின் கொச்சைத் தமிழில், "ஏய் மேன், தொப்பி எங்கே மேன்? இந்த ஆளுக்கு அரைப் பேர்!" என்று அரைநாள் சம்பளத்தை வெட்டி உறுமுவார், அவன் தவளைபோலக் களத்தைச் சுற்றிக் குதிக்க வேண்டும். வெறுந்தலையோடு அங்கே நிற்கிற பாத்தியதை செத்தவர்களுக்கு மட்டும்தான் என்பார்கள்.

செத்தவர்கள் எங்கே வந்தார்கள் என்று கேட்பீர்கள். இந்தப் பெரட்டின் உள்விஷயமே அதுதான். சிரித்து ஓய்ந்த பிறகு முத்து மாமா குரலைத் தாழ்த்தி, போன மாசிக்குப் பிறகு லயத்தில் யார் யார் செத்தார்களோ அவர்கள் பெயரை ஒருதரம் கூப்பிடுவார். செத்தவருடைய சாமான் ஏதாவது ஒன்றைத் தொப்பியாகச் செய்து போட்டுக்கொண்டு, அவருடைய சொந்தக்காரர் ஒருவர் முன்னால் வந்து, "வந்தேங்க" என்று அவருக்காகப் பதில் சொல்ல வேண்டும். மாமா கோணல்மாணலாக ஒரு கேள்வி கேட்பார், அவரும் கோணல்மாணலாகவே பதில் சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு மாமா, "பேரு வெட்டியாச்சு! போய்ட்டு வா!" என்று கத்தியதும், நாங்கள் அத்தனை பேரும் தொப்பியை இழுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். யார் கண்ணும் படாமல் செத்தவர் போய்ச் சேர வேண்டும், அதற்காக.

என் தம்பி மழைக்காலத்துச் சளியில் செத்துப்போன வருஷம் அவனுக்காக நான்தான் பதில் சொன்னேன். அவனுடைய பால்மா டின்னை நூல் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். "ஏய் மேன், நீ எத்தன றாத்தல் கொழுந்து எடுத்தது மேன்?" என்று மாமா கேட்டார். "நான் பால்தாங்க குடிச்சேன்" என்றேன். களமே சிரித்தது, என் அம்மாவும் சிரித்தாள். அத்தனை நாளாகப் பித்துப்பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தவள் அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினாள். அதனால் இதைப் பைத்தியக்கார விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெயர் வெட்டாத செத்தவன் போக இடம் தெரியாமல் தினமும் விடியற்காலையில் களத்துக்கு வந்து நிற்பான் என்று லயத்தில் எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

இனி சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தம்பி, பெயர் பொன்னையா. இந்தியாவில், துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவர்களுடைய தாயார் படுத்த படுக்கையாகக் கிடப்பதாகச் சேதி வந்து, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பல் ஏறினார். சுதந்திரம் வந்து, எங்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிவிட்டிருந்த நேரம் அது. போவதற்கு வழி இருந்தது, திரும்பி வருவதற்குக் கடதாசிக்கு மேல் கடதாசி கேட்டார்கள். சித்தப்பா வரவில்லை, கடிதமும் வரவில்லை. தோட்டம் தோட்டமாகத் துணி விற்கிற ஒருவர், தலைமன்னார்ப் பக்கம் கள்ளத்தோணி ஒன்று கவிழ்ந்ததாகவும், அதில் துறையூர்க்காரர் ஒருவர் இருந்ததாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சித்தப்பாவின் மனைவி காத்தாயி, எனக்குச் சின்னம்மா, அதை நம்பவே இல்லை. பிள்ளை குட்டி இல்லாதவள். கொழுந்து எடுப்பதில் கையும், பேச்சில் வாயும் அப்படி வேகம். பெரிய கங்காணிக்குப் புதிதாகக் கல்யாணமான தன் மகனை அவளுடைய காம்பராவில் குடிவைக்க ஆசை. அவள் விதவை என்று ஆகிவிட்டால் தனிக் காம்பரா கேட்க முடியாது. "ஏம்மா, இந்த மாசியில பொன்னையா பேர வெட்டிப்புடலாமே" என்று அவர் நைசாகக் கேட்டபோது, "அவரு லீவுல போயிருக்காருங்க. லீவுல போனவன் பேர எந்த ஊருப் பெரட்டுல வெட்டுறாங்க?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். பெயர் வெட்டினால் தாலி கழற்ற வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது, என் அம்மாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன்: "அக்கா, உசிரோட இருக்கறவரு பேர வெட்டிட்டா, அவரு திரும்பி வர்றதுக்கு எடம் ஏதுக்கா?"

அதற்குள் லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. விடியற்காலைப் பனியில் பெரட்டுக் களத்தின் கடைசியில் யாரோ இருமுகிறார்கள், அது பொன்னையாவின் இருமல்தான் என்றார்கள். சித்தப்பாவுக்கு நெஞ்சில் இருந்து இரண்டு மூன்றாக உடைந்து வருகிற ஒரு இருமல் உண்டு, உண்மைதான். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவர்மேல் பழி, ஒருவன் வழுக்கி விழுந்தால் அவர்மேல் பழி. என் அம்மா அப்போது மாசமாக இருந்தாள், இருட்டில் வாசலுக்குப் போகவே பயந்தாள். சின்னம்மா மட்டும், "செத்தவனுக்கு எதுக்குடி இருமலு? இருமுனா உசிரு இருக்குன்னு அர்த்தம்" என்று எல்லார் முகத்துக்கு நேரேயும் சொன்னாள். கடைசியில் கங்காணி அப்பாவைப் பிடித்துவிட்டார். தம்பிக்காக அண்ணன் பதில் சொல்லலாம், முறை இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரியை நினைத்து அப்பா சரி என்றுவிட்டார்.

அந்த வருஷம் மாசியிலும் மழை விடவில்லை. ஞாயிறு காலை களம் முழுக்கப் பனி, எதிர் வரிசையில் நிற்கிறவர்களின் தொப்பிதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. சின்னம்மா வரவில்லை, காம்பராவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள். அப்பா, சித்தப்பா விட்டுப்போன கறுப்புக் கம்பளியைத் தலைப்பாகைபோல மடித்துக் கட்டி, ஒரு மூலையைக் கொம்புமாதிரி நிமிர்த்தி விட்டுக்கொண்டு நின்றார். பார்த்தால் சிரிப்பு வர வேண்டும், யாரும் சிரிக்கவில்லை. நான் வரிசையின் கடைக்கோடியில் நின்றேன். ஈயத்தாள் தொப்பி போட்டிருந்தேன், சும்மா நிற்க முடியாமல் அதில் விரலால் ஒரு பொத்தல் போட்டு வைத்திருந்தேன்.

"பொன்னையா!" என்று முத்து மாமா கூப்பிட்டார். அவர் குரலே அவருடையதாக இல்லை. சித்தப்பாவும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அப்பா முன்னால் போய், "வந்தேங்க" என்றார். மாமா கேள்வி கேட்க வாயெடுத்தார். அப்போது என் பக்கத்தில், வரிசையின் முனைக்கு அப்பால், யாரோ இருமினார்கள். இரண்டு மூன்றாக உடைந்து வருகிற இருமல்.

எல்லாத் தொப்பிகளும் ஒரே பக்கம் திரும்பின. பனிக்குள் ஒரு ஆள் நின்றார். வெறுந்தலை. ஒட்டிய கன்னமும், தாடியும், நனைந்து உடம்போடு ஒட்டிய வேட்டியும். "ஐயோ, பொன்னையா வந்துட்டானே!" என்று ஒரு பொம்பளை அலறினாள், யாரோ ஓடினார்கள், யாரோ விழுந்தார்கள். முத்து மாமா சுரைக்குடுக்கையைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பேரு வெட்டியாச்சு! பேரு வெட்டியாச்சு! போய்ட்டு வா, போய்ட்டு வா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பழக்கம் பொல்லாதது. அத்தனை பேரும் தொப்பியை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் இழுத்தேன். என் பொத்தல் சரியாகக் கண்ணுக்கு நேரே வந்தது.

நான் பார்த்தேன். சித்தப்பா அப்பாவையே பார்த்தார், அப்பாவின் தலையில் இருந்த தன் கம்பளியைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, வாய் முணுமுணுக்க, கும்பிட்டபடி நின்றார். சித்தப்பாவின் கண் பெண்கள் வரிசையில் ஓடியது, சின்னம்மாவைத் தேடியிருக்க வேண்டும். அவள்தான் அங்கே இல்லையே! அவருடைய கெண்டைக்காலில் ஒரு அட்டை கொழுத்துத் தொங்கியது, அதன் கீழே ரத்தம் கோடாக வழிந்து பாதத்தில் சேற்றோடு கலந்தது. கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தேன், தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டேன். அவர் ஓடவில்லை. மெதுவாகத் திரும்பி, ரோட்டுக்குப் போகிற குறுக்குப் படியில் இறங்கிப் பனிக்குள் போய்விட்டார்.

கண்ணைத் திறந்தவர்களுக்கு முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாவம், தானே வந்து பேர வெட்டிக்கிட்டுப் போய்ட்டான்" என்றார் கங்காணி, சாமி கும்பிடுகிறவர்போல. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "சித்தப்பா கால்ல அட்ட கடிச்சு ரத்தம் வருதுப்பா" என்று கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தினார். அதற்குள் அலறல் கேட்டு, மாவு பிசைந்த ஈரக் கையோடு சின்னம்மா ஓடி வந்துவிட்டாள். ஆளாளுக்கு ஒன்று சொல்ல, அவள் என் முன்னால் மண்டியிட்டு, "நீ சொல்லு பாப்பா. என்னா பாத்த?" என்றாள். சொன்னேன். "செத்தவன் ரத்தத்த அட்ட குடிக்குமாடா, பாவிகளா!" என்று ஒரு கூப்பாடு போட்டாள் பாருங்கள், இப்போதும் என் காதில் இருக்கிறது. அப்படியே குறுக்குப் படியில் பாய்ந்து இறங்கினாள், நானும் பின்னாலேயே ஓடினேன்.

ரோட்டில் சிங்களவர் ஒருவரின் தேத்தண்ணிக் கடை மட்டும்தான் திறந்திருந்தது. எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுகிற மனிதர். "ஒரு ஆள் வந்திச்சி அக்கே. பிளேன்டீ குடிச்சிச்சி. காலுக்குப் போட உப்பு கேட்டிச்சி. கொழும்புப் பக்கம் போற லொறியில ஏறிப் போச்சி" என்றார். மேசைக்கு அடியில் உப்புக் கல்லோடு கருகிச் சுருண்டு கிடந்த அட்டையையும் காட்டினார். சின்னம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை ரோடு, எத்தனை லொறி, எங்கே என்று போய்த் தேடுவது? கள்ளத்தனமாக வந்தவரைப் பொலிசில் சொல்லித் தேடவும் முடியாது.

அவர் ஏன் ஒரு வார்த்தை பேசாமல் போனார் என்று வாழ்நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். தொப்பிப் பெரட்டில் வளர்ந்த மனிதர். அண்ணன் தலையில் தன் கம்பளியைப் பார்த்ததும் எல்லாம் விளங்கியிருக்கும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலையும் காட்டையும் தாண்டி வந்தவர், தன் சனமே தன்னைப் போ, போ என்று கத்துவதையும், தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொள்வதையும் பார்த்திருக்கிறார். பெண்டாட்டியும் கண்ணில் படவில்லை. அவள் வேறு இடம் போய்விட்டாள் என்றுகூட நினைத்திருக்கலாம்.

லயத்தில் யாரும் எங்களை நம்பவில்லை. அட்டை கடித்த வழிப்போக்கன் எவனாவது இருந்திருப்பான், கடைக்காரருக்கு என்ன தெரியும் என்றார்கள். காம்பரா கங்காணி மகனுக்குப் போயிற்று, சின்னம்மா எங்கள் காம்பராவிலேயே ஒரு மூலைக்கு வந்தாள். அப்பா தடுக்கவில்லை, ஆனால் "செத்தவன்தான் வந்தான், என் கண்ணால பாத்தேன்" என்பதை மட்டும் விடவில்லை. அதை விட்டால் மனிதர் எப்படிச் சோறு தின்பார்? சின்னம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. பொட்டோடு அவள் கொழுந்து நிறுக்க வரும்போது பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் பெரியவளானபோது எனக்குத் தண்ணீர் ஊற்ற அவளை விடவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பார்த்தாள், எனக்கு அன்று எல்லார்மேலும் வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

முத்து மாமா அதன் பிறகு எந்தத் தொப்பியும் போடவில்லை, தொப்பிப் பெரட்டும் அந்த ஞாயிற்றோடு நின்றுவிட்டது. தனியாக என்னைக் கண்டால், "பாப்பா, நெசமாவே ரத்தம் வந்துச்சா?" என்று கேட்பார். ஆமாங்க மாமா என்பேன். மறுபடி கொஞ்ச நாள் கழித்து அதையே கேட்பார். பிறகு ஒப்பந்தம் போட்டு ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, முதலில் மனுப்போட்டவர் அவர்தான். அங்கே போய்ப் பொன்னையாவைத் தேடுகிறேன் என்றார். எல்லாரும் சின்னம்மாவையும் போகச் சொன்னார்கள். "நான் அங்க போயி, அவரு மறுபடி இங்க வந்து நின்னா? இன்னொருக்கா யாரும் இல்லாத எடத்துலயா வந்து நிப்பாரு?" என்று மறுத்துவிட்டாள்.

மாமா கப்பல் ஏறுவதற்கு முன்பே, ஒரு ஆடி மாத மழையில், சின்னம்மா நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். பூண்டுலோயாவில் இருந்து நான் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டும் பூவும் வைப்பதா, விதவையாக அனுப்புவதா என்று பொம்பளைகள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நின்றார்கள், யாரும் கிட்டே போகவில்லை. நான் குங்குமச் சிமிழைத் தேடி எடுத்தேன். ஒருத்தி என் கையைப் பிடித்தாள். அப்போது வாசலில் நின்ற அப்பா, வயதாகித் தளர்ந்துபோன என் அப்பா, யாருடைய முகத்தையும் பார்க்காமல், "வச்சு விடும்மா. என் தம்பி உசிரோடதான் வந்தான்" என்றார். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பொட்டு வைத்தேன், முத்து மாமா பூ வாங்கி வந்தார்.

போன மாசியில் அந்தப் பக்கம் போயிருந்தேன். நாங்கள் இருந்த மேட்டு லயத்தில் பாதிக்குக் கூரை இல்லை. பெரட்டுக் களம் கரப்பந்து விளையாடுகிற இடமாகிவிட்டது. காமனை இப்போதும் எரிக்கிறார்கள், ஒழுங்காக மூன்றாம் நாளே எழுப்பியும் விடுகிறார்கள், தொப்பிப் பெரட்டைக் கேட்டால், "அப்பிடி ஒண்ணு இருந்துச்சுங்களா?" என்று பையன்கள் சிரிக்கிறார்கள். அன்று களத்தில் நின்றவர்களில் இங்கே மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். முத்து மாமாவிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. சித்தப்பா எந்த ஊரில், யார் வீட்டில் கண்ணை மூடினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தனக்கென்று ஒருத்தியும் காத்திருக்கவில்லை என்று நினைத்தபடியேதான் மூடியிருப்பார். அவரை எங்கேயாவது பார்க்க முடிந்தால் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சித்தப்பா, சின்னம்மா உங்கள் பெண்டாட்டியாகத்தான் போனாள், பூவும் பொட்டுமாக, நான்தான் வைத்துவிட்டேன்.